மெட்டாலிக்காவின் வீடியோ டிவிடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன டிஸ்க்? கச்சேரிப் பதிவா?

கச்சேரி இல்லை. 'தி வீடியோஸ் 1989–2004' என்ற பெயரில் 2006 டிசம்பரில் வந்த டிவிடி இது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்கா எடுத்த மியூசிக் வீடியோக்களில் 21 இதில் வரிசையாக இருக்கின்றன. முதலில் 'ஒன்', கடைசியில் 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்'. நிறுத்தாமல் ஓடவிட்டால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மேடையில் அவர்கள் வாசிப்பதைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் இதை விட்டுவிட்டு, 1998-ல் வந்த 'கன்னிங் ஸ்டண்ட்ஸ்' அல்லது சான் ஃபிரான்சிஸ்கோ சிம்ஃபனியுடன் சேர்ந்து வாசித்த 'எஸ் அண்ட் எம்' பக்கம் போங்கள்.

பட்டியலில் என்னென்ன பாடல்கள்?

1988-ன் 'ஜஸ்டிஸ்' ஆல்பத்திலிருந்து 'ஒன்' மட்டும். கறுப்பு ஆல்பம் என்று எல்லோரும் சொல்லும் 1991 ஆல்பத்திலிருந்து ஐந்து: 'என்டர் சாண்ட்மேன்', 'தி அன்ஃபர்கிவன்', 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்', 'வேர்எவர் ஐ மே ரோம்', 'சாட் பட் ட்ரூ'. 'லோட்' ஆல்பத்திலிருந்து 'அன்டில் இட் ஸ்லீப்ஸ்', 'ஹீரோ ஆஃப் தி டே', 'மாமா செட்', 'கிங் நத்திங்'. 'ரீலோட்' ஆல்பத்திலிருந்து 'தி மெமரி ரிமெய்ன்ஸ்', 'தி அன்ஃபர்கிவன் 2', 'ஃப்யூயல்'. பிறர் பாடல்களை எடுத்துப் பாடிய 'கராஜ் இங்க்' ஆல்பத்திலிருந்து 'டர்ன் தி பேஜ்', 'விஸ்கி இன் தி ஜார்'. அப்புறம் சிம்ஃபனி கச்சேரியின் 'நோ லீஃப் க்ளோவர்', சினிமாவுக்குச் செய்த 'ஐ டிஸப்பியர்', கடைசியாக 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தின் நான்கு: பெயர்ப் பாடல், 'ஃப்ரான்டிக்', 'தி அன்நேம்ட் ஃபீலிங்', 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்'.

முதல் மூன்று ஆல்பங்களிலிருந்து ஒன்றுகூட இல்லையே, ஏன்?

அந்த ஆல்பங்களுக்கு வீடியோவே எடுக்கவில்லை. 'கில் எம் ஆல்' 1983, 'ரைட் தி லைட்னிங்' 1984, 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' 1986. அமெரிக்காவில் எம்டிவி ஒரு பாடலை வாரக் கணக்கில் ஓட்டினால் ஆல்பம் விற்கும் என்பது எழுதாத விதியாக இருந்த காலம் அது. தலைமுடியைப் புசுபுசுவென்று ஊதிவிட்டுக்கொண்டு, கண்ணுக்கு மை தீட்டி, புகைமூட்டத்தில் குதிக்கும் இசைக்குழுக்கள் திரையை நிறைத்திருந்தன. மெட்டாலிக்கா வாசித்த, வேகமும் ஆவேசமும் மிகுந்த த்ராஷ் மெட்டல் இசையின் ரசிகர்களுக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. வீடியோ எடுப்பதே விலைபோவதற்கு அடையாளம் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். மெட்டாலிக்கா அந்த மனநிலையோடு ஒத்துப்போனது. வீடியோ இல்லாமல், வானொலியின் தயவும் பெரிதாக இல்லாமல், ஊர் ஊராக வாசித்தே 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' ஆல்பத்தை ஐந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுக் காட்டியது.

அந்தக் காலத்து முகங்களைப் பார்க்க வேண்டுமானால் 1987-ல் வீடியோ கேசட்டாக வந்த 'கிளிஃப் எம் ஆல்' இருக்கிறது. 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் பேருந்து கவிழ்ந்து இறந்துபோன பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டனுக்கான அஞ்சலி அது. ரசிகர்கள் கூட்டத்துக்குள் நின்றபடி கள்ளத்தனமாக எடுத்த காட்சிகள் அதில் நிறைய. படம் ஆடும், சத்தம் பிசிறும், ஆனாலும் பர்ட்டன் தலையை ஆட்டி வாசிப்பதை வேறெங்கே பார்ப்பது? இந்த டிவிடியில் அதிலிருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை.

'ஒன்' வீடியோவைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

வீடியோவே வேண்டாம் என்றிருந்தவர்கள் எடுத்த முதல் வீடியோ என்பது ஒரு காரணம். ஆனால் வெறும் முதல் வீடியோவாக இருந்திருந்தால் இத்தனை ஆண்டு பேசப்பட்டிருக்காது.

பாடலின் கதை டால்டன் ட்ரம்போ 1939-ல் எழுதிய 'ஜானி காட் ஹிஸ் கன்' நாவலிலிருந்து வருகிறது. முதல் உலகப்போரில் குண்டடிபட்ட ஒரு சிப்பாய். கை இல்லை, கால் இல்லை, கண், காது, வாய் எதுவும் இல்லை. மூளை மட்டும் முழு விழிப்பில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, தலையைத் தலையணையில் முட்டி மோர்ஸ் குறியீட்டில் பேசப் பார்க்கிறான். ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் மாட்டிச் சிறைக்கும் போய்வந்த ட்ரம்போ, 1971-ல் இதைத் தானே இயக்கிப் படமாக்கினார்.

அந்தப் படத்தின் காட்சிகளையும், ஒரு காலிக் கிடங்கில் குழுவினர் வாசிப்பதையும் மாற்றி மாற்றி வெட்டிச் சேர்த்ததுதான் வீடியோ. இயக்கியவர்கள் பில் போப், மைக்கேல் சாலமன். பில் போப் யாரென்றால், பத்து ஆண்டு கழித்து 'தி மேட்ரிக்ஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். கிடங்குக் காட்சிகள் முழுக்கக் கறுப்பு வெள்ளை. நடிப்பு எதுவும் கிடையாது, நாலு பேர் வட்டமாக நின்று வேலையைப் பார்க்கிறார்கள். சிப்பாயின் குரல் பாட்டுக்கு மேலேயே வந்து விழுகிறது. இசையைக் கொஞ்சம் அமுக்கிவிட்டு வசனத்தைக் கேட்கவைக்கும் துணிச்சல் அன்று எந்த மெட்டல் வீடியோவிலும் இல்லை. இரட்டை பெடலில் லார்ஸ் உல்ரிக் எந்திரத் துப்பாக்கிபோல டிரம்ஸை அடிக்கத் தொடங்கும் இடத்தில் கட்டிலில் அந்தத் தலை முட்டிக்கொண்டிருக்கும். ஏழு நிமிடத்துக்கு மேல் நீளம், கொண்டாட்டம் துளியும் இல்லை, எம்டிவி இதை ஓட்டவே ஓட்டாது என்று பலர் கணித்தார்கள். 1989 ஜனவரியில் ஒளிபரப்பானதும் நேயர்கள் கேட்டுக் கேட்டு ஓடவைத்தார்கள்.

படக் காட்சிகளைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் உரிமைத்தொகை கட்டுவதைவிட இதுவே மேல் என்று, குழு அந்தப் படத்தின் உரிமையையே மொத்தமாக விலைக்கு வாங்கிவிட்டது. தன் சரக்கு தன் கையில்தான் இருக்க வேண்டும் என்ற இந்தக் குணம் மெட்டாலிக்காவின் கதை நெடுக வரும். கீழே நாப்ஸ்டர் பேச்சு வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

கூடுதலாக என்னென்ன இருக்கின்றன?

நான்கு. 1989-ல் 'டூ ஆஃப் ஒன்' என்று ஒரு வீடியோ கேசட் வந்தது. அதற்கு லார்ஸ் பேசிய முன்னுரை. 'ஒன்' பாடலின் இன்னொரு வடிவம், சினிமாக் காட்சிகள் இல்லாமல் வாசிப்பு மட்டும். 'தி அன்ஃபர்கிவன்' பாடலின் நீண்ட வடிவம். 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' ஆவணப்படத்தின் முன்னோட்டம்.

முன்னோட்டத்தை எதற்குச் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை. இடத்தை அடைக்கத்தான் என்பது என் எண்ணம். இயக்குநர்களின் பேச்சோ, படப்பிடிப்புக் காட்சிகளோ இல்லாதது பெரிய குறை. இவ்வளவு பெரிய பெயர்கள் வேலை செய்திருக்கும்போது, ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசவைத்திருந்தால் டிஸ்க்கின் மதிப்பே வேறு.

'தி அன்ஃபர்கிவன்' நீண்ட வடிவம் அவசியம் பார்க்க வேண்டியதா?

ஆமாம். டிஸ்க்கை வாங்க ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். ஜன்னலே இல்லாத கல்லறை போன்ற ஓர் இடத்தில் ஒரு சிறுவன். வளர்கிறான், இளைஞனாகிறான், கிழவனாகிறான். ஆயுள் முழுக்கச் சுவரைக் குடைந்து ஒரு ஜன்னல் செய்கிறான். செய்து முடித்த பிறகு என்ன செய்கிறான் என்பதை நீங்களே பாருங்கள். எம்டிவிக்குப் போன வடிவத்தில் நடுநடுவே குழு வாசிப்பது வந்து கதையைத் துண்டாக்கும். நீண்ட வடிவம் பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. பாட்டு தொடங்குவதற்கு முன்பே கதை நெடுந்தூரம் போய்விடுகிறது.

இயக்கியவர் மாட் மஹூரின். பத்திரிகை ஓவியராகவும் புகைப்படக்காரராகவும் பெயர் வாங்கியவர். ஒவ்வொரு சட்டகமும் கரியால் தீற்றியதுபோல இருப்பதற்கு அதுதான் காரணம். 'கிங் நத்திங்', 'தி அன்ஃபர்கிவன் 2' இரண்டும் அவருடையவையே. இரண்டாம் பாகம் முதலாவதின் பக்கத்தில் நிற்காது என்பது என் கருத்து.

மற்ற இயக்குநர்கள் யார் யார்?

அதிகம் பார்க்கப்படும் பெயர் வெய்ன் ஐஷம். 'என்டர் சாண்ட்மேன்' அவர் கைவரிசை: கெட்ட கனவு காணும் குழந்தை, மேல் ஊரும் பாம்புகள், துரத்தும் லாரி, பிரார்த்தனை சொல்லிக்கொடுக்கும் கிழவர், விட்டுவிட்டு மின்னும் வெளிச்சத்தில் குழுவினர். 1992-ல் எம்டிவி விருது வாங்கியது. கறுப்பு ஆல்பம் வெளியான 1991 ஆகஸ்டுக்கு அடுத்த மாதமே ஸ்டார் டிவி வழியாக எம்டிவி ஆசியாவுக்கு வந்துவிட்டதால், நம் ஊரில் கேபிள் இணைப்பு இருந்த வீடுகளில் பலருக்கு மெட்டாலிக்கா முதலில் அறிமுகமானது இந்த வீடியோவாகத்தான். கேசட் அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது.

'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' தனியாகப் படப்பிடிப்பு நடத்தி எடுத்ததல்ல. கறுப்பு ஆல்பப் பதிவை ஆடம் டூபின் மாதக்கணக்கில் கூடவே இருந்து படம்பிடித்தார்; அதிலிருந்து வெட்டி எடுத்தது. லார்ஸ் ஈட்டி எறிந்து விளையாடும் பலகையில் வேறொரு ராக் பாடகரின் படம் ஒட்டியிருக்கும். அந்தப் பாடகர் கிப் விங்கர். மனிதர் அதற்காகப் பல ஆண்டு கேலிப்பேச்சு வாங்கினார், பாவம்.

1996-ல் எல்லாரும் முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது ரசிகர்கள் வீட்டில் துக்கம் விழுந்ததுபோல நடந்துகொண்டார்கள். அந்தத் தோற்றம் முதலில் வெளிப்பட்டது 'அன்டில் இட் ஸ்லீப்ஸ்' வீடியோவில். இயக்கம் சாமுவேல் பேயர், நிர்வானாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' எடுத்தவர். ஐநூறு ஆண்டுக்கு முந்தைய டச்சு ஓவியர் ஹீரோனிமஸ் போஷ் தீட்டிய நரகக் காட்சிகளை உயிருள்ள ஆட்களை வைத்து அப்படியே எழுப்பிக் காட்டுகிறார். முடி போன வருத்தத்தில் பலர் அன்று இதை ஒழுங்காகப் பார்க்கவில்லை. இப்போது பாருங்கள், தொகுப்பிலேயே கண்ணுக்கு அதிகம் தீனி போடுவது இதுதான்.

'ஹீரோ ஆஃப் தி டே', 'மாமா செட்' இரண்டும் ஆன்டன் கோர்பைன். முதலாவதில் மயங்கிக் கிடக்கும் ஓர் இளைஞன் டிவி பார்க்கிறான். எந்தச் சேனலைத் திருப்பினாலும் மெட்டாலிக்கா ஆட்களே வேஷம் போட்டு வருகிறார்கள். இரண்டாவதில் குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் காரின் பின்சீட்டில் தனியாகக் கிட்டார் வாசித்துக்கொண்டு போகிறார். ஒரு நகைச்சுவை, ஒரு சோகம். கோர்பைனுக்கு இரண்டும் வரும் என்று தெரிகிறது.

'தி மெமரி ரிமெய்ன்ஸ்' வீடியோவில் வரும் பெண்மணி யார்?

மரியான் ஃபெய்த்ஃபுல். அறுபதுகளின் லண்டனில் புகழின் உச்சியிலும் பிறகு போதையின் அடிமட்டத்திலும் வாழ்ந்துபார்த்த பாடகி. மங்கிப்போன நட்சத்திரத்தைப் பற்றிய பாட்டில், 'லா லா' என்று உடைந்த குரலில் அவர் முனகும்போது பாட்டுக்கே வேறு எடை வந்துவிடுகிறது. குழு நிற்கும் மேடை ராட்சத ஊஞ்சல்போல முழு வட்டம் சுற்றும். 2025 ஜனவரியில் அவர் காலமானார்.

குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

'டர்ன் தி பேஜ்' வந்தால் தாண்டிவிடுங்கள். பாப் சீகர் எழுதியது ஊர்சுற்றும் பாடகனின் அலுப்பைப் பற்றி. ஸ்வீடன்காரரான யோனாஸ் ஓகர்லுண்ட் அதே வரிகளை ஒரு தாயின் மேல் பொருத்திவிட்டார்: இரவில் மேடையில் உடை களைந்து ஆடியும் உடலை விற்றும் மகளை வளர்ப்பவள். அவள் தாக்கப்படும் காட்சி நிஜமாகவே பார்க்கக் கஷ்டமானது. பெரியவர்களுக்கு ரொம்ப நல்ல வீடியோ; எட்டு வயதுப் பிள்ளைக்கு இல்லை. அதே இயக்குநரின் 'விஸ்கி இன் தி ஜார்', ஒரு வீட்டைச் சூறையாடும் இளம்பெண்களின் பார்ட்டி, அதுவும் பெரியவர்களுக்கே. 'ஒன்' பாடலும் சின்னப் பிள்ளைகளைத் தூங்கவிடாது.

வலிப்பு வரும் வாய்ப்புள்ளவர்கள் 'என்டர் சாண்ட்மேன்' பார்க்க வேண்டாம். வெளிச்சம் கடைசிவரை மின்னிக்கொண்டே இருக்கும்.

'ஐ டிஸப்பியர்' பாடலுக்கும் நாப்ஸ்டர் வழக்குக்கும் என்ன தொடர்பு?

'மிஷன் இம்பாசிபிள் 2' படத்துக்காக 2000-ல் செய்த பாட்டு இது. முடிக்காத வடிவம் ஒன்று, வெளியீட்டுக்கு முன்பே அமெரிக்க வானொலிகளில் ஒலிக்க ஆரம்பித்துவிட்டது. எங்கிருந்து கசிந்தது என்று தேடிப் போனால் நாப்ஸ்டர். கணினிக்குக் கணினி பாட்டுகளைப் பகிரும் அந்தச் சேவையில் மெட்டாலிக்காவின் மொத்தச் சரக்கும் இலவசமாகக் கிடந்தது. 2000 ஏப்ரலில் வழக்குப் போட்டார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தாலும் ரசிகர்களின் கோபத்தை அள்ளிக் கட்டிக்கொண்டார்கள்.

வீடியோ என்னவோ ஜாலியானது. ஒவ்வொருவரும் ஒரு பழைய படத்தின் காட்சிக்குள் புகுந்துகொள்கிறார்கள்: ஹெட்ஃபீல்ட் 'புல்லிட்' படத்தின் கார் துரத்தலில், கிட்டார் கலைஞர் கிர்க் ஹாமெட் ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' விமானத்துக்கு முன்னால், லார்ஸ் 'டை ஹார்ட்' கட்டடத்தில், பர்ட்டனுக்குப் பின் பேஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் 'என்டர் தி டிராகன்' கண்ணாடி அறையில். நியூஸ்டெட் இருக்கும் கடைசி வீடியோவும் இதுதான். 2001 ஜனவரியில் விலகிவிட்டார்.

'செயின்ட் ஆங்கர்' வீடியோ நிஜமாகவே சிறையில் எடுத்ததா?

நிஜச் சிறைதான். கலிஃபோர்னியாவின் சான் குவென்டின். 2003-ல் அங்கே போய்க் கைதிகள் முன்னால் வாசித்தார்கள். கூட்டமாகத் தெரிபவர்கள் அங்கே தண்டனை அனுபவித்தவர்கள். பேஸ் வாசிப்பவர் புதிதாகச் சேர்ந்திருந்த ராபர்ட் ட்ருஹீயோ. ஆனால் காதில் விழும் பேஸ் அவருடையதல்ல, தயாரிப்பாளர் பாப் ராக் ஆல்பத்துக்காக வாசித்தது. டிரம்ஸ் ஏன் எவர்சில்வர் குடத்தைத் தட்டுவதுபோலக் கேட்கிறது என்று கேட்காதீர்கள். ஆல்பமே அப்படித்தான், டிவிடியின் பிழை கிடையாது.

படம் ஏன் மங்கலாக, சில டிவிகளில் அகலமாக இழுத்ததுபோலத் தெரிகிறது?

இரண்டும் வேறு வேறு சிக்கல். எண்பது, தொண்ணூறுகளில் இப்படிப்பட்ட வீடியோக்களைப் பெரும்பாலும் பிலிமில்தான் எடுப்பார்கள். ஆனால் அதை வீடியோ டேப்புக்கு மாற்றி, அங்கேயே வெட்டி ஒட்டி முடித்துவிடுவார்கள். டிவிக்கு அது போதும். எனவே முடிந்த பிரதி டேப்பின் தெளிவோடு நின்றுபோகும். கூர்மையாக வேண்டுமென்றால் பழைய நெகட்டிவ்களைத் தேடியெடுத்து மறுபடி ஸ்கேன் செய்து முதலிலிருந்து வெட்ட வேண்டும். டிவிடியின் அளவும் சின்னது: அமெரிக்க, ஜப்பானிய டிவிகளின் என்டிஎஸ்சி (NTSC) முறையில் 480 கோடுகள், இந்தியாவும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் பின்பற்றிய பால் (PAL) முறையில் 576. பெரிய 4கே டிவியில் போட்டால் மங்கத்தான் செய்யும்.

முகங்கள் அப்பளமாக விரிந்தால் டிவியின் பட அளவை 4:3-க்கு மாற்றுங்கள். பழைய வீடியோக்கள் அந்தச் சதுர டிவிக் காலத்தவை. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவது சரிதான்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் இங்கே ஓடுமா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

உறையின் பின்பக்கம் உருண்டைக்குள் ஓர் எண் இருக்கும்; எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்பதைக் காட்டுவது அது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 5. பூஜ்யம் அல்லது 'ஆல்' என்றிருந்தால் எங்கும் ஓடும். வேறு எண்ணாக இருந்தால் வாங்குவதற்கு முன் உங்கள் பிளேயர் எல்லா எண்ணையும் ஏற்குமா என்று பாருங்கள். கணினியின் டிவிடி டிரைவில் இந்த எண்ணை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதற்குப் பிறகு பூட்டிக்கொள்ளும். என்டிஎஸ்சி, பால் பற்றிய கவலை இப்போதைய டிவிகளில் தேவையில்லை.

பழைய கடையில் வாங்கும்போது டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சிட்டது அடிப்பக்கம் வெள்ளியாக இருக்கும். ஊதா சாயல் அடித்தால் யாரோ வீட்டில் எழுதியது.

எல்லாம் யூடியூபில் இருக்கிறதே, இன்னும் எதற்கு இது?

நியாயமான கேள்வி. 2006 அக்டோபரில் யூடியூபை வாங்குவதாக கூகுள் அறிவித்தது. இந்த டிவிடி டிசம்பரில் வந்தது. இந்த மாதிரி டிஸ்க்குக்கு வேலையில்லாமல் போகப்போகிற நேரத்தில் கடைக்கு வந்த சரக்கு. நாப்ஸ்டரோடு மல்லுக்கட்டிய அதே குழு இன்று இந்த வீடியோக்களைத் தன் சேனலில் சும்மாவே தருகிறது, சிலவற்றை டிவிடியைவிடத் தெளிவாக. ஒரு பாட்டை எப்போதாவது பார்ப்பவருக்கு டிஸ்க் தேவையே இல்லை.

வரிசையாக ஒரே அமர்வில் பார்க்கிறவருக்கு மட்டும் வாங்கச் சொல்வேன். கேமராவைக் கண்டால் முகம் கொடுக்காமல் வாசித்தவர்கள், ஏழெட்டு ஆண்டில் கோர்பைன் சொன்னபடி வேஷம் கட்டி ஆடுகிறார்கள். கடைசியில் தங்கள் சண்டையையும் குழுவாக எடுத்துக்கொண்ட மனநல சிகிச்சையையும் படம்பிடிக்க ஆவணப்படக்காரர்களை அறைக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' வீடியோ அந்தக் காட்சிகளால் ஆனது. தனித்தனியாகச் சொடுக்கினால் இந்த மாற்றம் கண்ணில் படாது. விளம்பரம் குறுக்கே வராது என்பதும் சின்ன லாபம் அல்ல.

2004-க்குப் பிறகு வந்த வீடியோக்கள்?

இதில் கிடையாது, இணையத்தில் பாருங்கள். 2008-ன் 'தி டே தட் நெவர் கம்ஸ்' வீடியோவை டென்மார்க்கின் தாமஸ் விண்டர்பெர்க் இயக்கினார். அதே ஆல்பத்தின் 'ஆல் நைட்மேர் லாங்', பழைய சோவியத் ஆவணப்படம்போல ஜோடிக்கப்பட்ட ஓர் அட்டகாசம், தவறவிடாதீர்கள். 2016-ன் 'ஹார்ட்வயர்ட்' ஆல்பத்திலும் 2023-ன் '72 சீசன்ஸ்' ஆல்பத்திலும் ஒரு பாட்டையும் விடாமல் எல்லாவற்றுக்கும் வீடியோ செய்துவிட்டார்கள். எல்லாம் ஒரே தரம் இல்லை. 'ஹார்ட்வயர்ட்' பட்டியலில் ஓகர்லுண்ட் இயக்கிய 'மேன்அன்கைண்ட்' வீடியோவை முதலில் போடுங்கள், மற்றதை மனம்போல.